சொன்னால்தான் வருவா

“எனக்குச் சொல்லேல்லை.”

கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருந்த காலத்தில் அதிகம் கேட்ட வசனம் இதுதான். சொன்னவர் எங்கள் தொடர்மாடியில், மூன்றாம் மாடியில், எதிர்க்கதவு அன்ரி. கலியாணத்துக்குப் போகவில்லையா என்று கேட்டால் இதுதான் பதில். பெருந்தெருவான காலி வீதியில் புதிதாகத் திறந்த புடவைக்கடைக்குப் போகவில்லையா என்றாலும் இதுதான். ஒருநாள் மொட்டைமாடித் தண்ணீர்த்தாங்கி வெடித்து, கட்டடமே வேடிக்கை பார்க்க மேலே ஓடியது. அன்ரி மட்டும் தன் கதவு நிலையில் நின்றபடி, “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார்.

யாழ்ப்பாணத்தாருக்குச் ‘சொல்லுறது’ என்றால் வெறும் சொல்லுவதல்ல, அழைப்பது. விசேஷ வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும். செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து கதிரையில் இருந்து, தேநீர் குடித்து, ஊர்க்கதை கொஞ்சம் கதைத்து, எழும்பும்போது “கட்டாயம் வரவேணும்” என்று வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் சொன்னது. கார்ட் என்பது வந்து போனதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். கொழும்புக்கு வந்த பிறகு எல்லோரும் இதைச் சுருக்கிக்கொண்டார்கள். முதலில் கதிரையில் இருப்பதை விட்டார்கள், பிறகு தேநீரை விட்டார்கள், கடைசியில் ஆளே வராமல் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அன்ரி எதையும் சுருக்கவில்லை.

முதலாம் மாடியில் ஒரு வீட்டில் மகளுக்குக் கலியாணம் வந்தது. மண்டபம் நடந்து போகிற தூரம். பெண்ணின் தாய் அவசரத்தில் கட்டடத்துக்கான கார்டுகளை எல்லாம் கீழே காவலுக்கு நிற்கிற வாச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாச்சர் அன்ரியின் கார்டை மேலே கொண்டுவந்து நீட்டினார். அன்ரி அதை வாங்கிப் பார்த்து, தடவிப் பார்த்து, நல்ல கார்ட் என்று பாராட்டி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இதை உமக்குத்தான் தந்திருக்கினம் போல. நீர் போட்டு வாரும்.”

அந்த மனிதர் உண்மையிலேயே போனார். நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போய், இரண்டாம் முறையும் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, வந்து கட்டடம் முழுக்கச் சாப்பாட்டைப் புகழ்ந்தார். பெண்ணின் தாய் அதற்குப் பிறகு வெகுகாலம் படியில் அன்ரியைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனார். அன்ரிக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

நானும் ஒரு பாட்டம் கோபித்தவள்தான். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து பால் காய்ச்சிய அன்று காலை, சாமான் ஏற்றுகிற அமளியில், திறந்திருந்த அவருடைய கதவைப் பார்த்து, “அன்ரி, பால் காய்ச்சுறம், வாங்கோ!” என்று கத்தினேன். உள்ளே இருந்து “ஓம் ஓம்” என்று குரல் வந்தது. ஆள் வரவில்லை. பால் பொங்கி, எல்லோரும் குடித்து முடித்து, பானையும் கழுவியாயிற்று. என்ன திமிர் பிடித்த மனுஷி என்று என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் வேலை என்பதால் வாயும் கொஞ்சம் நீளம்.

பிறகு இரண்டாம் மாடிக்காரர்தான் விஷயத்தை விளக்கினார். விளங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாலை தலையைச் சீவி, பொட்டு வைத்து, நாலு எட்டு நடந்து எதிர்க்கதவைத் தட்டினேன். கதிரையில் இருந்தேன். தேநீர் குடித்தேன். “அன்ரி, வாற வெள்ளிக்கிழமை நாங்கள் பால் காய்ச்சுறம், கட்டாயம் வரவேணும்” என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. வெள்ளிக்கிழமை ஒரு தட்டு நிறைய வாழைப்பழமும் வெற்றிலையும் கற்கண்டுமாக வந்து இறங்கினார். அவருக்காக நான் இன்னொருமுறை பால் காய்ச்சினேன். இரண்டு முறை பால் காய்ச்சிய வீடு அந்தக் கட்டடத்தில் எங்களுடையதுதான்.

இதைக் கேட்டு அவரை வீம்புக்காரி என்று நினைத்தால் பிழை. மற்றவருக்குச் சொல்வதிலும் அவர் அதே கண்டிப்புத்தான். கணவருடைய திவசத்துக்கு எனக்குச் சொல்ல வருவார். எதிர்க்கதவு, கையை நீட்டினால் தொடலாம். ஆனாலும் குளித்து, கஞ்சி போட்ட சீலை கட்டி, கதவைத் தட்டி, உள்ளே வந்து இருந்து, நான் போட்ட தண்ணீர் போன்ற தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் சொல்லுவார். அப்படி ஒருவர் வந்து சொல்லும்போது, அந்த நாள் முழுக்க நான் யாரோ பெரிய மனுஷி என்று எனக்கே தோன்றும்.

கோயிலுக்கு மட்டும் எப்படிப் போகிறீர்கள், சாமி வந்து சொன்னவரோ என்று ஒருமுறை வம்புக்குக் கேட்டேன்.

“கொடியேத்திறது எதுக்கெண்டு நினைக்கிறீர்? ஊருக்கெல்லாம் சொல்லுறதுக்குத்தான் பிள்ளை. அவரே கொடியேத்திச் சொல்லுறார். மனிசருக்கு என்ன கேடு?”



இப்படிப்பட்டவருக்கு முழங்கால் போனது. இரண்டு வருடம் இழுத்துப் பறித்து, கடைசியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். மகள் ரொறன்ரோவிலிருந்து வந்து நின்று பார்த்தாள். ஒரே மகள், பாசக்காரி, கொஞ்சம் பதற்றக்காரியும்கூட. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அன்ரியைக் கதிரையோடு தூக்கித்தான் மூன்று மாடியும் ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் சனம் கதவைத் திறந்து பார்த்தது. அன்ரி கண்ணை மூடிக்கொண்டார். மேலே வந்ததும் என் கையைப் பிடித்து, “பிரேதம் மாதிரித் தூக்கிக்கொண்டு வந்திட்டினம் பிள்ளை” என்றார்.

திரும்பிப் போகிற அன்று மகள் என் முன்னாலேயே பேச்சை முடித்தாள்.

“அம்மா, ஓகஸ்டில பிள்ளையளுக்கு லீவு. திரும்ப வருவன். அதுக்கிடையில நீங்கள் ஒருத்தற்ற உதவியும் இல்லாமல் இந்தப் படி ஏறி இறங்கினால் சரி. இல்லாட்டி பிளாட்டை வித்துப்போட்டு என்னோட வாறீங்கள். ஓமோ?”

“ஓம்” என்றார் அன்ரி. அதில் நியாயம் இல்லை என்று அவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நெருப்பு, நோய் என்று ஒன்று வந்தால் தனி ஆள் மூன்றாம் மாடியில் என்ன செய்வது?

மகள் போன பிறகு அன்ரி என்னைப் பக்கத்தில் இருத்தினார். பிறகு சொன்னார்.

“அங்க ஒரு குளிர்காலம் இருந்து பாத்தனான். நல்லாத்தான் பாத்தவள். காலமை எழும்பினால் தேத்தண்ணி கையில வரும். ஆனால் மகள்ட வீட்டில நான் விருந்தாளி. ஒருத்தரை வாங்கோ எண்டு நான் கூப்பிட ஏலாது. இஞ்ச நான் வீட்டுக்காரி.”

அவர் பயந்தது பனிக்கோ தனிமைக்கோ அல்ல, இதற்குத்தான். யாருக்கும் எதுவும் சொல்ல முடியாத ஒரு வீட்டில் மிச்சக்காலத்தைக் கழிப்பதற்கு. 

டொக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். சமதரையில் தினமும் நடக்க வேண்டும். நடந்தால் முழங்கால் மடங்கும், மடங்கினால் படி ஏறலாம். நடக்காவிட்டால் இறுகிப்போகும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வெள்ளவத்தையில் சமதரைக்கு எங்கே போவது? காலி வீதி நடைபாதையில் பாதி கடைக்காரருக்கு, மீதி மோட்டார்சைக்கிளுக்கு. கடற்கரையோர மரைன் டிரைவில் வெயிலும் வாகனமும். ஒழுங்கையில் கல் பெயர்ந்து கிடந்தது. வீட்டுக்குள் நடந்தால் பத்து எட்டில் சுவர். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் படி இறங்கி, ஒழுங்கை முனை மட்டும் போய், திரும்பி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் கந்தோரில் ஒரு பெண் அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். கால்வாய்க்கரையில் நகரத்துச் சனத்துக்கென்று திறந்துவிட்ட தாவரத் தோட்டம். மருது, நாவல், புன்னை என்று எல்லா மரத்திலும் மூன்று மொழியிலும் பெயர். நிழலுக்குக் கீழே மேடுபள்ளம் இல்லாத பாதை, இடைக்கிடை இருக்கை. வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போனால் பக்கம். உள்ளே போக ஒரு சதமும் தேவையில்லை. நான் அன்று கந்தோரிலிருந்து பறந்து வந்தேன்.

“டிக்கற் இல்லையோ?” என்றார் அன்ரி.

“இல்லை அன்ரி. சும்மா போகலாம்.”

“டிக்கற் எண்டால் வாங்கிக்கொண்டு உரிமையோட போகலாம். சும்மா விடுற இடத்துக்கு அவையாக் கூப்பிட வேணும்.”

“எல்லாரும் வரலாமெண்டு வாசலில போட்டிருக்கினமாம்.”

“எல்லாரும் எண்டால் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டுதானே அர்த்தம்?”

“அன்ரி, வாசலில கொடிகூடப் பறக்குதாம்” என்றேன், கோயில் கதையை வைத்து மடக்குகிற நினைப்பில்.

“அது அரசாங்கத்தின்ர கொடி. அது பறக்கிற இடமெல்லாம் எங்களுக்குச் சொன்ன இடமோ?”

எனக்கு விசர் பிடித்தது. தோட்டத்துக்கு யார் வீட்டுக்காரர்? யார் வந்து கதிரையில் இருந்து தேநீர் குடிப்பது? மாநகர முதல்வரா? வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அடுத்த நாளும் பேசினேன். அன்ரி யோசிக்கிறேன் என்றார். போவோமா விடுவோமா என்று இந்த ஒரு தோட்டத்துக்கு அவர் யோசித்த யோசனைக்கு, வேறொருவர் வெளிநாட்டுக்கே போய்க் குடியேறி வந்திருப்பார். காலையில் போகலாம் போலிருக்கும். மத்தியானம் வேண்டாம் என்றிருக்கும். மாலையில் “ஆரும் தெரிஞ்ச ஆக்கள் அங்க வேலை செய்யினமோ?” என்று விசாரிப்பார். இதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

அவரை அசைத்தது மகளுடைய தொலைபேசி அழைப்புத்தான். பிளாட்டை வாங்க ஒரு ஆள் கேட்கிறார், வந்ததும் பேசுவோம் என்றாளாம். அன்ரி என்னைக் கூப்பிட்டார். சத்தமில்லாமல் சொன்னார்.

“வாசல் மட்டும் போய்ப் பாப்பம்.”

ஞாயிறு காலை ஓட்டோவில் போனோம். வாசலில் அவரை இறக்கி, கையில் தடியைக் கொடுத்தேனோ இல்லையோ, என் தொலைபேசி அடித்தது. கந்தோர்ப் பெரியவர். ஞாயிற்றுக்கிழமையும் விடாத மனிதர். ஓட்டோச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று மதிலோரம் கொஞ்சத் தூரம் போய்ப் பேசினேன். திரும்பி வந்தால் அன்ரி மறுபடி ஓட்டோவுக்குள் இருந்தார். முகம் கறுத்திருந்தது.

“திருப்பச் சொல்லும்.”

“ஏன் அன்ரி?”

“திருப்பச் சொல்லும் பிள்ளை!”

 வீட்டுக்குள் போய்க் கதிரையில் இருந்த பிறகுதான் வெடித்தார்.

“அந்த வாசல்காரன் எழும்பி வந்தவன். வணக்கம் எண்டு சொன்னவன். அட, தமிழில கதைக்கிறானே எண்டு பாத்தால், அடுத்ததா ‘என்ன?’ எண்டு கேக்கிறான்! ஒருக்கா இல்லை, ரெண்டு தரம். ‘அம்மா, என்ன? என்ன?’ எண்டு. கையையும் ஆட்டிக் கேட்டவன். என்ன எண்டு கேக்க நான் என்ன, பிச்சைக்கோ வந்தனான்? சும்மா விடுற இடத்தில இப்பிடித்தான் கேப்பினம் எண்டு எனக்குத் தெரியும். உம்மட கதையைக் கேட்டுப் போனன் பாரும்!”

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம். தடியூன்றி வந்த மனுஷியை வாசலில் வைத்து என்ன என்று கேட்க அவன் யார்? அன்ரி படுக்கைக்குப் போய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இனி எந்த இடத்துக்கும் நடக்கப் போகமாட்டார், ஓகஸ்டில் பெட்டி கட்டுவார் என்பது எனக்கு அந்த முதுகைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே அந்தத் தோட்டத்துக்குப் போனேன், சண்டை பிடிக்க. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். சிங்களத்தில் கதைப்பதைவிடச் சண்டை பிடிப்பது எனக்கு இன்னும் சரளமாக வரும். பஸ்ஸில் வசனங்களை எல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். வாசலில் ஒரு கிழவர், காக்கிச் சட்டை, வெற்றிலைச் சிவப்பேறிய வாய். என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். என் பொட்டைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பி, “வணக்கம்” என்றார். பிறகு உள்ளே மரங்களின் பக்கம் கையை விரித்துக் காட்டிச் சிரித்தபடி, “என்ன, என்ன” என்றார்.

நான் திறந்த வாய் திறந்தபடி நின்றேன்.

சிங்களத்தில் ‘என்ன’ என்றால் வாருங்கள். புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரிகள் எல்லாம் அதைத்தான் நாள் முழுக்கக் கத்துகிறார்கள். அந்த மனிதருக்குத் தெரிந்த தமிழ் ஒரேயொரு சொல், வணக்கம். அதைச் சொல்லிவிட்டு, அடுத்த சொல்லுக்குத் தன் மொழிக்குப் போயிருக்கிறார். வாருங்கள் அம்மா, வாருங்கள் என்று இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார். அன்ரி அதைத் தமிழிலேயே கேட்டுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வெடித்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். காவலாளி பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். கேட்டதும் அவர் தலையில் கை வைத்து, “அனே, அம்மே!” என்றார். தடியோடு ஒரு அம்மா வந்தார், உட்காரட்டும் என்று இவர் உள்ளே போய்க் கைபிடி வைத்த கதிரை எடுத்துக்கொண்டு வந்தாராம், வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லையாம், தான் என்ன குற்றம் செய்தேன் என்று நேற்று முழுக்க யோசித்தாராம். நான் கொண்டுபோன சண்டை வசனங்கள் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீடு திரும்பி மூன்று மாடியையும் ஓடி ஏறினேன்.

“அன்ரி! அந்த மனிசன் கேக்கேல்லை. சொன்னவர்!”

“என்ன சொன்னவன்?”

“என்ன எண்டு சொன்னவர்!”

“அதைத்தானே நானும் சொல்லுறன், என்ன எண்டு கேட்டவன் எண்டு.”

“ஐயோ அன்ரி, தமிழ் ‘என்ன’ இல்லை! சிங்கள ‘என்ன’!”

அன்ரி என்னைப் பார்த்தார். மெல்ல எழும்பிக் கட்டிலில் இருந்தார். உதடுகள் அசைந்தன. அந்தச் சொல்லை இரண்டு மொழியிலும் மாறி மாறிச் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

“புறக்கோட்டையில கூப்பிடுறவங்களை எனக்குத் தெரியாதே?” என்றார் கடைசியில். “வணக்கம் எண்டு தொடங்கினால் தமிழெண்டுதானே நினைப்பன்!” சொல்லிவிட்டு மறுபடி யோசித்தார். “நான் இறங்கி நிண்டனான். அவர் கதிரையை விட்டு எழும்பினவர். வாசலுக்கு வந்தவர். கை கூப்பினவர். ரெண்டு தரம் சொன்னவர்.”

நேற்றிலிருந்து ‘அவன்’ ஆக இருந்த மனிதர் அந்த இடத்தில் ‘அவர்’ ஆனதை நான் கவனித்தேன். கதிரை எடுக்கப் போன கதையையும் சொன்னேன். அன்ரி நெஞ்சில் கை வைத்தார்.

“கதிரையும் கொண்டந்தவரோ? கடவுளே! சொன்ன இடத்துக்குப் போகாமல் விட்டிட்டன் பிள்ளை. அந்த மனிசன் எங்களைப் பற்றி என்ன நினைச்சிருக்கும்! நாளைக்குக் காலமை போறம். நீர் லீவு எடும்.”

கட்டளை அது. ஒரு மாதம் இழுத்த யோசனை ஒரு நிமிடத்தில் முடிந்தது. நான் லீவு எடுத்தேன்.

காலையில் கதவைத் திறந்தால், அன்ரி கலியாணத்துக்குக் கட்டுகிற காஞ்சிபுரம் சீலையில் நிற்கிறார். கையில் வாழைப்பழச் சீப்பும் கொழுக்கட்டைப் பெட்டியும். பூங்காவில் நடக்கப் போகிற கோலமா இது என்று கேட்க வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். தோட்டத்து வாசலில் காவலாளி ஓடி வந்தார். கை கூப்பி, இந்தமுறை என்னிடம் கேட்டுப் பழகி வைத்திருந்த சொல்லைச் சொன்னார்: “வாங்கோ அம்மா.”

அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியை அவர் கையில் கொடுத்து, “அண்டைக்கு வராமல் போனதுக்குக் குறை நினைக்கக் கூடாது எண்டு சொல்லும் பிள்ளை” என்றார். மொழிபெயர்த்தேன். அவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு முதல் மருதமரம்வரை எங்களோடு வந்தார். அன்ரி அந்தக் கதிரையில் ஒரு நிமிடம், மரியாதைக்காக மட்டும், இருந்தார். பிறகு எழும்பித் தடியை ஊன்றி நடந்தார். சமதரையில், நிழலில், யாரும் முட்டாமல், அந்த நகரத்தில் முதன்முறையாக அவர் நிமிர்ந்து நடந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். பட்டுச்சீலையும் தடியுமாக அப்படி ஒரு நடை! எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலை போனார். முதல் வாரம் முதல் இருக்கைவரை. பிறகு நாவல் மரம்வரை. பிறகு உள்ளே இருந்த குளத்தைச் சுற்றி. ஒருநாள் நாவல் மரத்துக்குக் கீழே மூச்சு வாங்கும்போது, நான் கேட்காமலே ஒரு கதை சொன்னார். சண்டைக் காலத்தில் கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, இரவோடு இரவாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். அறிவிக்க வழியிருக்கவில்லை. அந்த வீட்டுக்காரி கதவைத் திறந்துவிட்டுச் சொன்னாளாம், “உலை வைச்ச பிறகு வந்தால் நான் என்ன செய்யிறது?”

“அவ கெட்ட மனிசி இல்லை. சோறும் போட்டவ. ஆனால் அந்தச் சோத்தைச் சாப்பிட்ட மாதிரி இனி ஒரு இடத்திலயும் சாப்பிடக் கூடாது எண்டு நினைச்சனான்” என்றார் அன்ரி. பிறகு எழும்பி மிச்சத் தூரத்தை நடந்தார்.

இப்போது நானும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறேன். அந்த வீடு எதுவாக இருக்கும் என்று சில தெருக்களில் போகும்போது நினைத்துக்கொள்வேன். அன்று நாவல் மரத்தடியில் அவருடைய கையைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவருக்குக் கை தேவைப்படவில்லை.

காவலாளி லீவில் போன நாட்களில் வேறொரு பெடியன் வாசலில் நிற்பான். அவன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அன்ரி உள்ளே போகமாட்டார். தடியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நிற்பார். இரண்டு நாளில் அவனும் எழும்பி நின்று கூப்பிடப் பழகிக்கொண்டான்.

இன்னொன்றும் நடந்தது. தனக்குச் சொன்ன இடம் என்று ஆனதும், அதற்கு மற்றவர்களுக்குச் சொல்லுகிற பொறுப்பும் தன்னுடையது என்று அன்ரி முடிவு கட்டிவிட்டார். ஒரு மாலை சீலை கட்டி, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துத் தனியே இறங்கி, வீடு வீடாகக் கதவைத் தட்டினார். இருந்தார். தேநீர் குடித்தார். “காலமை தோட்டத்துக்கு நடக்க வரவேணும்” என்று சொன்னார். முதலாம் மாடிக் கலியாண வீட்டுக்கும் போனார். அந்தத் தாய்க்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நல்ல பீங்கானில் தேநீர் கொடுத்தாராம். அடுத்த நாள் காலை எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு ஓட்டோ போனது. முதலாம் மாடித் தாய் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஓகஸ்டும் வந்தது. மகள் வருகிற அன்று காலையிலிருந்து கட்டடம் முழுக்க ஒரு பரீட்சைப் பதற்றம்.  தோட்டத்தில் நடப்பது வேறு, மூன்று மாடி ஏறுவது வேறு. அன்ரி ஒரே மூச்சில் மேலே வந்ததை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. இரண்டாம் மாடியில் எப்படியும் நிற்பார்.

வான் வந்து நின்றது. அன்ரி வாசலில் நின்றார், தடி இல்லாமல். மகள் இறங்கினதும் இறங்காததுமாகக் கத்தினாள்.

“அம்மா! ஆர் உங்களைக் கீழ இறக்கினது? இனி எப்பிடி ஏறப்போறீங்கள்?”

அன்ரி அவளைக் கட்டிக் கொஞ்சினார்.  திரும்பிப் படியில் கால் வைத்தார். கம்பியில் ஒரு கை, அவ்வளவுதான். நான் பின்னால் போக எடுத்தேன். கையைப் பின்பக்கம் நீட்டி என்னைத் தள்ளினார். முதலாம் மாடியில் கதவு திறந்தது, அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அன்ரி அவருக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டாம் மாடியும் வந்தது.  அவர் நிற்கவில்லை. இடது கால், பிறகு வலது கால், பிறகு இடது. புது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் மடங்கி நிமிர்ந்தது.

மகள் கைப்பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். ஒரு நாள் முழுக்க விமானத்தில் இருந்து வந்தவள். மூன்றாம் மாடிக்குப் பாதி வழியில் மூச்சு வாங்கி, முடியாமல் படியிலேயே இருந்துவிட்டாள். அன்ரி மேலே போய்ச் சேர்ந்து, திரும்பி, அவளைப் பார்த்தார்.

“இளைக்குதோ பிள்ளை? ஆறுதலா வா.”

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. படியில் இருந்தபடியே தாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் உன்னோட வரேல்லை” என்றார் அன்ரி. குரல் தெளிவாக இருந்தது. “இஞ்சதான் இருக்கப்போறன். உனக்கு என்னைப் பாக்கோணும் போல இருந்தால் நீ வா. எப்ப வேணுமெண்டாலும் வா. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா.”

“சரி அம்மா” என்றாள் மகள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “நீங்கள் இருங்கோ. பிளாட்டைக் கேட்ட ஆளுக்கு நான் இல்லை எண்டு சொல்லிப்போடுறன்.”

கீழே முதலாம் மாடித் தாய்தான் முதலில் கைதட்டினார். பிறகு வாச்சர் தட்டினார். பிறகு படிக்கட்டு முழுக்கத் தட்டியது. நான் அழுதுகொண்டே தட்டினேன்.